காரணம் எழுதும் கட்டம்

அந்த அக்கா எழுதிய முதல் ஐந்து அறிக்கைகளிலும் காரணம் ஒன்றேதான்: தண்ணீர்.

டப்பாவின் மூடி உடைந்ததா? ட்யூ டு வாட்டர். இரண்டு பெண்கள் அரை மணி நேரம் தாமதமாக வந்தார்களா? ட்யூ டு வாட்டர். நண்டுச் சதை எடுக்கும் கத்தி ஒன்று காணாமல் போய்விட்டதா? அதற்கும் தண்ணீர்தான். பேக்கிங் அறைக்குள் ஒரு ஈ நுழைந்த நாளில் மட்டும் கொஞ்சம் மாற்றி, ‘ஓயிங் டு வாட்டர்’ என்று எழுதியிருந்தார். சென்னை ஹெட் ஆபீசிலிருந்து தரக்கட்டுப்பாட்டு சார் என்னை போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, அங்க என்ன வெள்ளமா? ஒரு ஈ உள்ள வர்றதுக்கும் தண்ணிக்கும் என்னம்மா சம்பந்தம்? நீதானே சொல்லிக்கொடுக்கிற?”

நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பழவேற்காட்டுக் கடைத்தெருவைத் தாண்டி, கோட்டைக்குப்பம் போகிற வழியில் இருந்தது எங்கள் நண்டு ஷெட். படகில் வந்து இறங்கும் நண்டை வாங்கி வேகவைப்போம். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையை எடுப்பார்கள். சதை டப்பாவுக்குள் போகும், டப்பா ஐஸ் பெட்டிக்குள் போகும், பெட்டி சாயங்கால வண்டியில் சென்னைக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி எந்த நாட்டில் யார் தட்டில் விழுகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா அந்த ஷெட்டுக்கு சூப்பர்வைசர். கோட்டைக்குப்பத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, எட்டாவது வரை படிப்பு. நான் தரம் பார்க்கிற பெண். ஐஸ் பெட்டிக்குள் எத்தனை டிகிரி குளிர் இருக்கிறது என்று மணிக்கொருதரம் ஒரு கம்பியைச் செருகிப் பார்த்து நோட்டில் எழுதுவதும், பெண்களின் நகத்தைப் பார்ப்பதும் என் வேலை. ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து வருவேன். வயது இருபத்து மூன்று. பையில் பேங்க் பரீட்சைப் புத்தகம், வாயில் எந்நேரமும் ஒரு ‘ஏன்’.

வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். ஷெட்டில் சின்னத் தவறு நடந்தாலும் ஒரு தாளில் எழுத வேண்டும். தாளில் நாலு கட்டம். என்ன நடந்தது, காரணம் என்ன, அதனால் என்ன ஆனது, இனி என்ன செய்வீர்கள். சூப்பர்வைசரே தன் கையால் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். அக்கா பழகிப் பார்க்க எழுதிய ஒரு தாளில் வரிக்கு வரி ‘ஸோ’ போட்டிருந்தார். சார் எல்லா ‘ஸோ’வையும் சிவப்பில் சுழித்துவிட்டு, இது வீட்டில் பேசுகிற இங்கிலீஷ், ஆபீஸ் இங்கிலீஷ் வேண்டும் என்று ஏழு சொற்களை வாட்ஸப்பில் அனுப்பினார். தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ், கான்ஸிக்வென்ட்லி, ஆஸ் எ ரிசல்ட், ட்யூ டு, ஓயிங் டு. அக்காவுக்கு இவற்றைப் பழக்கிவிடுவது என் தலையில் விழுந்தது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டில் இரண்டு பேரும் உட்காருவோம். அக்கா படிக்க வந்தவர் மாதிரி இருக்க மாட்டார். நண்டு வாங்க வந்தவர் மாதிரி இருப்பார். கரையில் அவர் நண்டு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் புரட்டி, அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். உள்ளே சதை இல்லையென்றால் பேச்சே இல்லாமல் ஒதுக்கிவிடுவார். சொற்களையும் அப்படித்தான் அழுத்திப் பார்த்தார்.

“இந்த ஏழும் ஒரே வேலையா செய்யுது?”

“கிட்டத்தட்ட ஒரே வேலைதான்க்கா.”

“அப்போ எதுக்கு ஏழு?”

மூன்று வருடம் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் படித்தவள் நான். இந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை, வேறு யார் கேட்டும் பார்த்ததில்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். அக்கா விடவில்லை. ஒரு வாரத்தில் தானே பிரித்து வைத்துவிட்டார். தேர்ஃபோர் நிதானமான ஆள், நின்று பேசும். ஹென்ஸ் அவசரக்காரன். கான்ஸிக்வென்ட்லி என்றால் அவருக்குச் சிரிப்பு. “ஒரு மூடி ஒடைஞ்சதுக்கு இத்தாம் பெரிய வார்த்தையா? கேக்கறவன் இன்னா நெனைப்பான்?” அவருக்கு ரொம்பப் பிடித்தது ட்யூ டு. ஏன் என்று கேட்டேன். வழக்கமாக என் ‘ஏன்’களுக்குப் பதில் சொல்லாதவர் அன்று சொன்னார்.

“பிகாஸ் போட்டா பின்னாடியே ஒரு ஆளு வந்து நிக்கறான். அவன் செஞ்சான், இவ செஞ்சானு. ட்யூ டு போட்டா ஆளு வேணாம். ஒரு சாமான் வந்து நின்னா போதும். நல்ல வார்த்தைம்மா இது.”

எந்த இலக்கணப் புத்தகமும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை.

இன்னொரு நாள் பயிற்சிக்கு நாலு வாக்கியம் எழுதச் சொன்னேன். ‘மேலே பறவைகள் சுற்றுகின்றன. தேர்ஃபோர் கீழே மீன் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். தப்பு என்றேன். பறவை சுற்றுவதால் மீன் வரவில்லை, மீன் இருப்பதால்தான் பறவை சுற்றுகிறது, நீங்கள் தலைகீழாக எழுதிவிட்டீர்கள் என்று விளக்கினேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். “படகுல போறவனுக்கு மொதல்ல எது தெரியும்? பறவையா, மீனா?”

“பறவை.”

“அப்போ அவன் எத வெச்சி எத சொல்லுவான்?”

அன்று ராத்திரி வீட்டில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் எழுதியது சரிதான். மறுநாள் அவரிடம் ஒப்புக்கொண்டேன். “அதுக்கு நீ புக்கு வேற பாத்தியா?” என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இவ்வளவு கூர்மையான ஆள் எதற்கெடுத்தாலும் தண்ணீர் என்று ஏன் எழுதுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. காரணம் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவரோ காரணம் சொல்லவே மாட்டார். தாமதமாக வந்தால், “ஏன்க்கா லேட்டு?” என்போம். “வந்துட்டேன் இல்ல?” என்பார். அவருடைய கணவர் ஒரு நல்ல நாளில் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வலை பின்ன உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. நான் சும்மா இருப்பேனா? அக்கம்பக்கம் பார்த்து மெதுவாக, “என்னக்கா ஆச்சு?” என்று கேட்டேன்.

“நின்னுடிச்சி.”

“இல்லக்கா, எதனால?”

“நின்னுடிச்சினு சொன்னேனே.”

ஆனால் அன்று எனக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து இறால் தொக்கு எடுத்து வைத்தார். கோபமில்லை என்பது மட்டும் புரிந்தது.

ஒரு காலையில் நண்டு வாங்க அவரோடு கரைக்குப் போயிருந்தேன். அந்த ஏரியில் இன்ன நாளில் இன்னார்தான் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அன்று நாலு பேர் சேர்ந்த ஒரு படகு கிட்டத்தட்ட வெறுமனே திரும்பி வந்தது. அதில் ஒருத்தர் முந்தின நாள் கல்யாண வீட்டில் ஆட்டம் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அவரை எழுப்பி அழைத்துப்போவதற்குள் நேரம் தவறிவிட்டது. இது கரையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். வழியில் டீக்கடையில் எனக்கே தெரிந்துவிட்டது. அந்த ஆள் குனிந்த தலை நிமிராமல் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி சரியில்லபா” என்றார் ஒரு பெரியவர்.

“ஆமாம்பா, தண்ணி சரியில்ல” என்றார்கள் மற்றவர்கள். கூட்டாளிகள் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். அக்காவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினார்.

திரும்பி வரும்போது, “எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?” என்று கேட்டேன்.

“கரையில ஏன்னு கேக்கக் கூடாது.”

“ஏன் கேக்கக் கூடாது?”

“தோ, கேக்கற பாரு.”

அடுத்த பாடு வந்த நாளில் என்னை ஷெட் வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆள் கூட்டாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகில் போய் உட்கார்ந்திருந்தார். கிழிந்திருந்த மற்றவர்களின் வலைகளையும் நாலு நாளாக அவரேதான் தைத்தாராம். “பாத்தியா?” என்றார் அக்கா. பார்த்தேன். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

ஈ விஷயத்தில் சார் திட்டிய பிறகு நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காரணக் கட்டத்தில் இனிமேல் தண்ணீர் வரக் கூடாது, உண்மையான காரணம் வர வேண்டும். அக்கா யோசித்தார். அடுத்த தாளில் ‘ட்யூ டு ஓல்ட் லிட்’ என்று எழுதினார். அதற்கடுத்து ‘ட்யூ டு ஓப்பன் விண்டோ’. சார் திருப்தியாகிவிட்டார். எனக்குத்தான் தெரியும், அந்த ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளவில்லை என்று. மூடி வந்தது, ஜன்னல் வந்தது, கத்தி வந்தது. ஆள் மட்டும் வரவே இல்லை. முப்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஏழெட்டு மாதம் ஒரு பெயர்கூட அந்தக் கட்டத்துக்குள் போகவில்லை. இவர் மனிதர்களையே பார்க்க மாட்டாரா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

எனக்குப் பேங்க் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் ஒழுங்காகப் பெட்டிகளில் கம்பியைச் செருகிப் பார்த்தேன். மூன்று டிகிரி. நல்ல குளிர். பிறகு கம்பியை எங்கேயோ வைத்துவிட்டு, ஸ்டோர் ரூமில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எழுந்து போக மனமில்லை. காலையில் மூன்று என்றால் அப்புறமும் மூன்றுதானே? பதினோரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி, மூன்று கட்டத்திலும் மூன்று மூன்று என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்று ஐஸ் வண்டி தாமதமாக வந்தது என்பதே எனக்குச் சாப்பிடப் போகும்போதுதான் தெரியும். அப்போதும் ஒன்றும் ஆகாது என்றிருந்துவிட்டேன்.

மறுநாள் காலை சார் காரில் வந்து இறங்கினார். முதல் நாள் அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டி கெட்டுப்போய், மொத்த லோடையும் திருப்பிவிட்டார்கள். கெட்ட டப்பாக்கள் எல்லாவற்றிலும் பதினேழு என்ற எண் ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு எண் உண்டு. பதினேழு தேவி. சுண்ணாம்புக்குளத்துப் பெண், இருபது வயது, கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய மாமியாரும் எங்கள் ஷெட்டில்தான், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து நண்டு உடைப்பார்.

சார் குளிர் நோட்டைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் மூன்று டிகிரி. பெட்டி குளிராக இருந்திருக்கிறது, ஆகவே ஐஸ் காரணமில்லை. ஐஸ் இல்லையென்றால் கைதான் காரணம். இந்தப் பெண் கை கழுவாமல் சதை எடுத்திருக்கிறாள், ஆகவே இவளை நிறுத்த வேண்டும். கணக்குப் பாடம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கடகடவென்று சொல்லி முடித்தார். கை சுத்தமில்லை என்று தாளில் ஏறிவிட்டால் ஏரியைச் சுற்றி எந்த ஷெட்டும் அவளைச் சேர்க்காது. மாமியார் வீட்டிலும் அவள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பார்கள். தேவி அழக்கூட இல்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வண்டி புறப்படுவதற்குள் அறிக்கை கையில் வர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, சார் ஏசி அறைக்குள் போனார்.

அக்கா குளிர் நோட்டை ஒருமுறை புரட்டினார். மூடி வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பத்து மணிக்கு எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சாப்டியா?” என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கொஞ்சம் கழித்து டிகிரி பார்க்கும் கம்பியை எடுத்து வரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரே ஆணியில் மாட்டினார். மற்ற பெண்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு அறையில் வெகுநேரம் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். பாவம், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் நிம்மதி வேறு.

நாலு மணிக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். என்ன நடந்தது என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு நிறுத்தினார். எனக்கு அப்போது ஒரு நல்ல யோசனை வந்தது. நல்லது என்றுதான் மனப்பூர்வமாக நம்பினேன்.

“அக்கா, பேசாம தண்ணின்னே எழுதிடுங்களேன். நண்டு வேகவெச்ச தண்ணி சரியில்லன்னு போட்டுடலாம். தேவியும் தப்பிச்சிருவா.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

“கரையில தண்ணினு சொல்றோமே, எப்போ சொல்றோம்? செஞ்சவன் யாருனு எல்லாத்துக்கும் தெரியும். எல்லாத்துக்கும் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அவனே வந்து சரி பண்ணட்டும்னுதான் தண்ணி மேல போட்டுட்டு அவனுக்கு டைம் குடுக்கறோம். காத்தாலேர்ந்து உனக்கும் அதான் குடுத்துக்கினு இருந்தேன்.”

ஆணியில் தொங்கிய கம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

“நேத்து பத்தரை மணிக்கு அந்தக் கம்பி நண்டு வேகற எடத்துல கெடந்துச்சி. எடுத்து ஏப்ரன் பாக்கெட்டுல போட்டுக்கினேன். ஒண்ணரை வரைக்கும் எங்கிட்டதாம்மா இருந்துச்சி. நீ எத வெச்சி மூணுனு பாத்த?”

“அக்கா... பரீட்சைக்கா...”

“நான் ஏன்னு கேக்கலம்மா. இங்க தண்ணினு எழுதினா சாரு சும்மா உட்ருவாரா? இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. வெளிய நிக்குதே, அந்தப் பொண்ணு பேரை அவரே எழுதிடுவாரு. உனக்கு டைம் குடுத்து குடுத்து அவ நாள் போயிடிச்சி.”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விலை சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு மாதமாக மூடி, ஜன்னல் என்று எழுதி எல்லாரையும் காப்பாற்றியவருக்கு என்னைக் காப்பாற்றத் தோன்றவில்லையே என்று கொதித்தது.

அரை மணி நேரம் எழுதினார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, “இங்கிலீஷ்ல தப்பு இருந்தா திருத்து” என்றார்.

காரணக் கட்டத்தில் என் பெயர் இருந்தது. பதவி இல்லை, பெயர். மூன்று மணி நேரம் குளிர் பார்க்கப்படவில்லை, பார்க்காமலே எழுதப்பட்டது, ஐஸ் குறைந்தது தெரியாமல் போனது, அதன் விளைவாக, தேவியின் டப்பாக்கள் மட்டும் இருந்த மேல் பெட்டி கெட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தார். கம்பி தன்னிடம் இருந்தது, தரம் பார்க்கிற பெண் அதைத் தேடி வராததைத் தான் கவனித்தும் ஏன் என்று கேட்கவில்லை, ஆகவே இதில் தனக்கும் பங்கு உண்டு.

“இத எதுக்குக்கா எழுதினீங்க? இது யாருக்கும் தெரியாதே.”

“கேட்டிருக்கணும்மா. பத்தரைக்கே உன்னை வந்து கேட்டிருக்கணும். என் பழக்கம், கேக்கல.”

முதல் தடவையாக அவர் தன் விஷயத்தில் ஒரு காரணம் சொல்லிக் கேட்டேன். பதினேழாம் எண் வேலையாளிடம் எந்தத் தவறும் இல்லை என்று மூன்றாவது கட்டத்தை முடித்திருந்தார். நாலாவது கட்டம் காலி. இனி என்ன செய்வீர்கள்?

“அத நீ எழுது” என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டி ஏற்றப் போய்விட்டார்.

இங்கிலீஷில் இரண்டு இடத்தில்தான் தவறு இருந்தது. திருத்தினேன்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு எடுக்கவில்லை, சென்னைக்கு மாற்றி டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் போட்டார்கள். அங்கிருந்து வேறு வேலை, வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையும் போயிற்று. அக்காவுக்கு ஹெட் ஆபீசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, ‘மூணாவது லைன்ல ஹென்ஸ் சரியா வருதா பாரு, எனக்கு இடிக்குது’ என்று கேட்டிருந்தார். பார்த்தேன். சரியாக வரவில்லைதான். கடைசியாக அவரோடு பேசியது அதுதான். நானாகக் கூப்பிட்டுப் பேசப் பலமுறை நினைத்து, இன்றுவரை கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் நாலாவது கட்டத்தில் பேனாவை வைத்தேன். ஒன்றும் எழுத ஓடவில்லை. தாளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன்.

தேவி குழாயடியிலேயே நின்றிருந்தாள். மடித்த ஏப்ரனை அக்குளில் இடுக்கியிருந்தாள். காலையிலிருந்து எத்தனை முறை கை கழுவினாளோ, விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“தேவி, உன் மேல தப்பு இல்ல. நான்தான் பெட்டியில குளிர் பாக்காம பொய்யா எழுதிட்டேன். அதனாலதான் கெட்டுப்போச்சு. அக்கா எழுதியாச்சு. சார்கிட்ட நானும் சொல்லிடறேன்.”

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லப் பரீட்சை, வீடு, ரயில் என்று என்னென்னவோ தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். புரட்டிப் பின்பக்கமும் காட்டினாள்.

“அப்போ என் கை சுத்தம்தானேக்கா?”

“சுத்தம்தான்” என்றேன்.